மட்கார்டில் இரண்டு தட்டு

சரவணா,

அன்றைக்கு வாசலில் நின்றவர்களின் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடக் கூடாது. நீ இருந்தாய், கையெல்லாம் பெட்ரோல் வாடையோடு. உன் மனைவி கோமதி இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த அவள் அப்பா முத்தையாவும் அவள் அம்மா பேச்சியம்மாளும் இருந்தார்கள். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஞானராஜ் இருந்தான். எதிர்வீட்டுச் சீதம்மா, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவள், அவளும் இருந்தாள். பிறகு நான். இத்தனை பேரும் உன் அப்பாவின் பழைய மாரிஸ் காரைச் சுற்றி நின்றோம். அவர் மட்டும்தான் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. அங்கேயே கேட்டு முடித்திருப்பேன்.

நீயும் கோமதியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிபோகிறீர்கள். அவளுக்கு அங்கே பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்துவிட்டது, அவள் அப்பா வீட்டு மாடி சும்மா கிடக்கிறது, போகத்தான் வேண்டும். அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் வழக்கு இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் நீ, "அம்மா, காரையும் கொண்டு போகட்டா? அங்கன ஷெட்டு இருக்கு" என்று கேட்டாய். "கார் இங்கனதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். வயசான காலத்தில் புருஷன் காரைப் பிரிய அம்மாவுக்கு மனசில்லை என்று நீயாக நினைத்துக்கொண்டாய். கோமதியிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய். நீ நினைப்பது தப்பு. என்ன காரணம் என்று எழுதுகிறேன். அதோடு கார் வருமா வராதா என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். இது ஒளிவுமறைவான கடிதமும் இல்லை. கோமதி படிக்கட்டும், அவள் அம்மாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டட்டும்.

உன் அப்பாவின் காது மில்லில் போனது. நூல் நூற்கும் மிஷின்கள் ஓடுகிற கூடத்தில் ஷிப்டு ஷிப்டாக நின்றவர் அவர். நம் தெருவில் அப்படி எத்தனையோ ஆம்பிளைகள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள், கைச் சாடையிலேயே சண்டையும் போடுவார்கள். நேருக்கு நேர் நின்று பேசினால் உன் அப்பாவுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் முதலாளி வீட்டில் கழித்துக் கட்டிய மாரிஸை ஆசைப்பட்டுக் கொண்டுவந்து நிறுத்தினாரே, அதன் பானெட்டுக்குள் தலையை விட்டுவிட்டால் யார் உதடும் தெரியாது. கார்புரேட்டரோ காதை வைத்துத் திருத்த வேண்டிய சாமான். அடியில் இருக்கிற நட்டைக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். எங்கே நிறுத்துவது என்பதை இன்ஜின் சத்தம்தான் சொல்லும். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்காது.

அதனால் என்னைக் கூப்பிட்டார். முதலில் நான் கத்திப் பார்த்தேன். தெருவே எட்டிப் பார்த்ததே தவிர அவர் தலையைத் தூக்கவில்லை. ஆத்திரத்தில் இடதுபக்கத்து மட்கார்டைக் கையால் அடித்தேன். அவர் ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையை மட்கார்டில் ஊன்றியிருந்தார். சட்டென்று நிமிர்ந்தார். "ஏட்டி, உள்ளங்கையில கேக்குதுட்டி!" என்று சிரித்தார். அன்றையிலிருந்து ஒரு தட்டு என்றால் இன்னும் திருகு, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. சனிக்கிழமை ஷிப்டு முடிந்து வந்து குளித்ததும், "வாரியா, செத்த நேரம்" என்பார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போவேன். நீ உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டிருப்பாய். பெண்டாட்டிக்குப் பூ வாங்கி வருகிற புருஷன்மார் உண்டு, சினிமாவுக்குக் கூட்டிப்போகிறவர்கள் உண்டு. எனக்கு வாய்த்தது இந்தத் தட்டு. ராஜபாளையத்தில் வேறு எந்தப் பொம்பளைக்கும் இது இல்லை என்று நினைத்திருந்தேன். ராஜபாளையத்தில் இல்லைதான். ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். முத்தையா அப்போது ஆயில் கடை வைத்திருந்தார், கடைக்குப் பின்னாலேயே வீடு. இரண்டு பேரும் அப்படி ஒரு சிநேகிதம். மத்தியானம் தாண்டித் திரும்பி வருவார், கையில் பால்கோவாப் பொட்டலம் இருக்கும். சோறு போடட்டுமா என்றால், "அங்கனயே சாப்பிட்டாச்சு. மொச்சக் குழம்பு" என்பார். அந்த மொச்சைக் குழம்பு என் தொண்டையில் நின்ற கதை உனக்குத் தெரியாது. பேச்சியம்மாள் என்ன வறுத்து அரைக்கிறாள், புளியை முன்னால் விடுகிறாளா பின்னால் விடுகிறாளா என்று கல்யாண வீட்டில், சடங்கு வீட்டில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைப்பேன். வீட்டில் செய்து பார்ப்பேன். உன் அப்பா சாப்பிட்டுவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்பார். அந்தத் "தான்" இருக்கிறதே, அதைக் கேட்டு அடுத்த வாரமும் செய்வேன். நீ மொச்சை என்றாலே ஓடுவதற்குக் காரணம் அதுதான். இவ்வளவு காலமும் ஒரு குழம்பின் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இடம் மாற்றிப் பொறாமைப்பட்டிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அப்பா போனபிறகு தார்ப்பாய்க்குள் கிடந்த காரை நீதான் வெளியே எடுத்தாய். அதற்கு உன்னை மெச்சுகிறேன். ஞானராஜ் கார்புரேட்டரைக் கழற்றி என் நல்ல எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பி வைத்தான். அந்தத் தாம்பாளத்தில் இன்னும் பெட்ரோல் வாடை போகவில்லை, அதையும் குறித்துக்கொள். உள்ளே பழைய பெட்ரோல் வேப்பம்பிசின் மாதிரி இறுகிப்போயிருந்தது. பிஸ்டன் மேலே போனால் கீழே இறங்க மாட்டேன் என்றது. ஊறவைத்து, துடைத்து, காற்றுப் பிடித்து, தேய்ந்துபோன தண்டுக்குப் புது புஷ் கடைந்து போட்டீர்கள். பித்தளை மிதவையை என் கையில் கொடுத்து, "அப்பத்தாமாருக்கெல்லாம் கிலுகிலுப்பை" என்று ஞானராஜ் கேலி பண்ணினான். ஆட்டிப் பார்த்தேன். உள்ளே பெட்ரோல் தளும்பியது. "ஏலே, இதுல ஓட்டைலே" என்றேன். ஈயம் வைத்துப் பற்றவைத்தான். எல்லாம் பூட்டிய பிறகு பிஸ்டனைத் தூக்கி விட்டான். தடங்கலில்லாமல் இறங்கி, அடியில் 'டக்' என்று உட்கார்ந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நம் முறை வந்துவிட்டது என்று முந்தானையைச் செருகிக்கொண்டேன்.

கார் ஸ்டார்ட் ஆனதும் நீயே, "அம்மா, வாங்க. அப்பாவுக்குத் தட்டுவீங்களே, அதே மாதிரி தட்டுங்க" என்றாய். எல்லார் முன்னாலேயும் கூப்பிட்டாய். நான் மட்கார்டு பக்கம் போய் நின்றேன். நீ குனிந்து நட்டைத் திருகினாய். ஒரு தட்டு, ஒரு தட்டு, இன்னும் ஒரு தட்டு என்று போய், சத்தம் கனத்து, நிறைந்து, வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளை மாதிரி ஆனதும் இரண்டு தட்டுத் தட்டினேன். அதுதான் எனக்குத் தெரிந்த இடம். அளவு சரிதானா என்று பார்க்க, ஞானராஜ் நட்டுக்குப் பக்கத்திலிருந்த சின்னப் பின்னை விரலால் லேசாகத் தூக்கினான். இன்ஜின் சீறிக்கொண்டு வேகமெடுத்தது, எடுத்த வேகம் குறையவே இல்லை. பின்னால் கரும்புகை. சீதம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, அவள் தெலுங்கு கலந்த பேச்சில், "அய்யய்யோ, ஏமி பொகை இது!" என்றாள்.

"பெட்ரோல் கொஞ்சம் அதிகம்மா. இப்படி வச்சா குடிச்சுத் தள்ளிரும்" என்றான் ஞானராஜ்.

"அவிய காலத்துல இந்த இடந்தான். மாத்தாத" என்றேன்.

அப்போதுதான் பேச்சியம்மாள் எழுந்து வந்தாள். உள்ளே கோமதியோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், கோமதி பின்தொடர, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டாள். நட்டை மேலே ஏற்று என்று உனக்குக் கண்ணால் காட்டினாள். பிறகு மட்கார்டில் ஒரு தட்டு. செத்த நேரம் விட்டு இன்னொன்று. சத்தம் மெலிந்தது. எனக்கு அது பசித்த சத்தமாகப் பட்டது. அந்த இடத்தில் அவள் இரண்டு தட்டுத் தட்டினாள். நான் தட்டுகிற அதே இடத்தில், விரலை மடக்காமல், உள்ளங்கையைப் பரப்பி. ஞானராஜ் பின்னைத் தூக்கினான். இன்ஜின் துளி எழும்பி, அப்படியே பழையபடி அமர்ந்துகொண்டது. "கரெக்ட்!" என்று கத்தினான். நீங்கள் எல்லாம் கை தட்டினீர்கள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மதினி, இந்தத் தட்டு உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"அண்ணந்தான் மதினி. வேற யாரு?" என்றாள், வெள்ளந்தியாக. "ஞாயித்துக்கெழம வந்ததும் மொத வேல பானெட்டத் தொறக்குறதுதானே. இவியளக் கேக்கச் சொன்னா, பஸ் சத்தத்துக்கும் கார் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதான் என்னயக் கூப்பிட்டாவ."

முத்தையா சிரித்தார். "எனக்கு வித்தியாசம் தெரியும்ட்டி. பஸ்ஸுன்னா டிக்கெட்டு கேப்பான்."

"சனிக்கிழமதான இங்கன வச்சாவ. ஞாயித்துக்கெழம மறுபடி எதுக்கு?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் இன்ஜினைப் பார்த்தபடியே சொன்னாள். இன்றைக்கும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது. "அது ஒண்ணுமில்ல மதினி. 'வீட்டுல அவ ஆசயா வைக்கா, ஆனா பெட்ரோலக் கூட வச்சிருதா, பொகையே சொல்லுது. அங்கனயே மாத்துனா மொகம் சுண்டிப்போவா. அதான் இங்கன வந்து மாத்திக்கிடுதேன்'னு அண்ணன் சொல்லுவாவ. சனிக்கிழம மறுபடி உங்களுக்காவ பழைய எடத்துக்கு எறக்கி வச்சுக்கிடுவாவளாம்."

முத்தையா சிரித்தார், ஞானராஜ் சிரித்தான், சீதம்மா சிரித்தாள். நீ சிரித்தாய், சரவணா. கோமதி மட்டும் சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். அதை நான் மறக்க மாட்டேன். உன் பெண்டாட்டியைப் பற்றி உன்னிடம் எத்தனையோ குறை சொல்லியிருக்கிறேன். மோர்க்குழம்பில் தேங்காய் போதாது என்றது உட்பட எல்லாம் அப்படியே நிற்கட்டும், ஒன்றையும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அந்த ஒரு பார்வைக்காக அவள் பக்கமும் ஒரு வரவு எழுதி வைத்திருக்கிறேன்.

மாடியை ஒழுங்குபண்ண என்று நீங்கள் எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப் போனபிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது, அதுதான் என் சாபம். பச்சைக்கரை வெள்ளைச் சேலையோடு போய் நின்று தட்டியது. உன் தங்கை வயிற்றில் இருக்கும்போது, வயிறு மட்கார்டில் இடிக்க, பக்கவாட்டில் நின்று தட்டியது. மாமியார் செத்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த சனிக்கிழமை, அழுகையோடு தட்டியது. ஒவ்வொரு தடவையும் அவர் நிமிர்ந்து, "சரியா வச்சுட்டட்டி" என்றார். சின்னப் பிள்ளை மண்ணில் சோறாக்கிக் கொட்டாங்கச்சியில் கொண்டுவந்து நீட்டினால், நாமும் வாயில் போட்ட மாதிரி காட்டி, "அடடா, ருசி!" என்போம் இல்லையா, அப்படி. பிள்ளை அந்தப் பக்கம் போனதும் மண்ணைக் கீழே கொட்டிவிடுவோம். என் சனிக்கிழமைகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொட்டியிருக்கிறார்.

என் மனசு நோகக் கூடாது என்று செய்தாராம். கேட்டவர்கள் எல்லாம் எவ்வளவு நல்ல மனுஷன் என்கிறார்கள். சீதம்மா அடுத்த நாளே வந்து, "உன் மொகுடு மாதிரி புருஷன் யாருக்கு வாய்க்கும்?" என்றாள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பேச்சியம்மாளிடம் அவர் பொய் சொல்லவில்லை, பார். அவள் தப்பாகத் தட்டியிருந்தால், "இல்லம்மா, இன்னும் கொஞ்சம் ஏத்தணும்" என்று சொல்லியிருப்பார். அவள் திருந்தியிருப்பாள். அப்படித்தான் அவளுக்குக் காது வந்தது. எனக்கும் வந்திருக்கும். பொறாமைதான் இது, வேறு பெயர் வைத்து எழுத எனக்குத் தெரியாது. அவள் புருஷன் உயிரோடு இருக்கிறார், அதில் பொறாமையில்லை. என் மகன் அவள் வீட்டு மாடிக்குப் போகிறான், அதில் கொஞ்சம் உண்டு. ஆனால் என் புருஷன் அவளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார், பொறாமை முழுக்க அதில்தான்.

போன வாரம் ஞானராஜைக் கூப்பிட்டு விட்டேன். "அந்தப் பின்ன எப்படித் தூக்கணும்னு எனக்குக் காட்டுலே" என்றேன். "எதுக்கும்மா இந்த வயசுல?" என்றான். "காது இந்த வயசுலயும் இருக்குல்லா" என்றேன். காரை ஓடவிட்டு, நட்டை என் இடத்தில் வைக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு அவள் இடத்தில் வைக்கச் சொல்லிக் கேட்டேன். மாற்றி மாற்றி, அவன் பொறுமை போகிற வரைக்கும். என் இடத்தில் சத்தம் நிறைவாக இருக்கிறது, ஆனால் அடியில் ஒரு மப்பு, ஒரு தடுமாற்றம், அளவுக்கு மேல் சாப்பிட்டவன் மூச்சு விடுவது மாதிரி. நான் அதை நிறைவு என்று நினைத்திருக்கிறேன். அவள் இடத்தில் சத்தம் ஒல்லி, ஆனால் சீராக இருக்கிறது. பேச்சியம்மாள் சொன்னதுதான் சரி. இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று நீ கேட்காதே.

அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், அம்மா சொல்கிற புத்தி என்று வைத்துக்கொள். நீ உன் அப்பாவின் பிள்ளை. முகம் சுண்டக் கூடாது என்று நினைக்கிற குணம் உன்னிடமும் இருக்கிறது. நான் போன் பண்ணினால் சாப்பிட்டேன் என்பாய், சாப்பிட்டிருக்க மாட்டாய். கோமதி புதுச் சேலை கட்டினால் தலையை நிமிர்த்தாமலே நல்லா இருக்கு என்பாய். அவள் பரீட்சைப் பேப்பர் திருத்திவிட்டு உன்னிடம் ஏதாவது கேட்டால் சரிதான் சரிதான் என்பாய். விட்டுவிடு. அவள் தப்பாகத் தட்டினால் அங்கேயே, அப்போதே சொல்லு. முகம் சுண்டும், சுண்டட்டும். ஒரு ராத்திரி பேச மாட்டாள், மறுநாள் பேசுவாள். உனக்குத் தெரிந்ததை அவளுக்குத் தெரியாமல் இன்னொரு வீட்டில் போய்ச் சரிசெய்துவிட்டு வந்து, அவள் சிரிப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படாதே. அன்பு என்று நீ நினைப்பாய். என்றைக்காவது வெங்காயம் உரித்த கையோடு ஒருத்தி வந்து அவளிடம் சொல்வாள்.

காரை எடுத்துக்கொண்டு போ. இங்கே தார்ப்பாய்க்குள் கிடந்தால் மறுபடி பிசின் பிடித்துவிடும், அங்கே ஷெட் இருக்கிறது, நல்ல காதும் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இங்கே ஓட்டிக்கொண்டு வர வேண்டும். வந்ததும் பானெட்டைத் திற. நான் தட்டுவேன். நீ பின்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தப்பு என்றால், என் முகத்தைப் பார்த்து, "அம்மா, தப்பு" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனால், அடுத்த வாரம் உனக்குக் கதவைத் திறக்க மாட்டேன்.

இனி மனசில் வைத்திருப்பவர்களைப் பற்றி எழுதி முடிக்கிறேன். முத்தையா சிரித்ததை விட்டுவிட்டேன், அவர் எதற்கும் சிரிப்பவர். ஞானராஜ் பின்னைக் காட்டிக் கொடுத்தான், அவன் கணக்கு நேர். சீதம்மாவின் பால் அன்றைக்கே பொங்கி வழிந்துவிட்டது, அது போதும். நீ என் பிள்ளை. பேச்சியம்மாளை மன்னிக்க அவள் என்ன செய்தாள்? காது கேட்டது, கேட்டதைச் சொன்னாள். கிடைக்கிற நிஜத்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்? வரச்சொல்லு அவளையும், மொச்சைக் குழம்பு வைக்கிறேன், வாயைத் திறந்து குறை சொல்லட்டும்.

ஒரே ஒரு ஆளை மட்டும் மன்னிக்க முடியவில்லை. முயன்று பார்த்தேன், படத்துக்கு முன்னால் நின்று பார்த்தேன், முடியவில்லை. கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் பெயரை என் வாய் சொன்னதில்லை. ஓட்டர் லிஸ்டுக்காரர்கள் வந்து கேட்டால்கூட உன்னைத்தான் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வேன். கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்கும் அப்படித்தான். மரியாதை என்று வைத்திருந்தேன். அவர் எனக்குக் கொடுத்த மரியாதையும் அந்த ரகம்தான் என்று இப்போது தெரிந்துவிட்டதால், இனி என்ன? இதோ, என் கையாலேயே எழுதுகிறேன்.

ஆறுமுகச்சாமி.